பஸ் பார்க்க கொலம்பியா போனேன்

முதல் நாள், சனிக்கிழமை, பொகோட்டா

வந்து சேர்ந்தாயிற்று. சென்னையில் ஏறி, இரண்டு ஊரில் விமானம் மாறி, இடையில் ஒரு ராத்திரி எங்கே போனதென்றே தெரியாமல், மதியம் இங்கே இறங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறியதுமே மூச்சு வாங்கியது. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா இருப்பது 2,600 மீட்டருக்கும் மேலே, கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உச்சியின் உயரம். அந்த உயரத்தில் எண்பது லட்சம் பேர் குடியிருக்கும் ஊரை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் வெயிலிலிருந்து வந்தவளுக்கு இந்தக் குளிர் சுகமாகத்தான் இருக்கிறது.

ஏன் கொலம்பியா என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் அப்பா மதுரையில் டவுன் பஸ் கண்டக்டராக 31 வருஷம் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டாப்பில் நின்று, அவர் வண்டி வரும்வரை காத்திருந்து, அதிலேயே ஏறி, டிக்கெட் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வருவேன். எந்த ஸ்டாப்பில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தத் திருப்பத்தில் சிக்கிக்கொள்கிறது, எத்தனை பேர் படிக்கட்டில் தொங்கினார்கள் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுப் பேச்சு. எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பஸ் ஸ்டாண்டைத்தான்.

பொகோட்டாவில் இன்னும் மெட்ரோ ரயில் ஓடவில்லை. இத்தனை ஜனத்தையும் தினம் சுமப்பது பஸ். புகை, நெரிசல், விபத்து என்று பெரிய ஊர்களுக்கு உள்ள எல்லா நோயும் இதற்கும் உண்டு. ஆனால் கையில் பெரிய பணம் இல்லாமல், சுரங்கம் தோண்டாமல், இருக்கிற ரோட்டையே யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று மாற்றி எழுதிய ஊர் இது. அதை நேரில் பார்க்கவேண்டும் என்று பத்து வருஷமாக ஆசை.

தங்கியிருக்கும் வீட்டு அம்மா ஒரு குவளையில் ஆவி பறக்க எதையோ கொடுத்தார். குடித்துப் பார்த்தால் வெல்லத் தண்ணீர்! கருப்பட்டி மாதிரி ஒரு கட்டியை உடைத்துக் கொதிக்க வைப்பதுதானாம், பனேலா என்கிறார்கள். உயரத்துக்கு வந்த தலைவலிக்கு இதுதான் மருந்து என்று சைகையில் சொன்னார். சுக்கும் ஏலக்காயும் போட்டால் நம் பானகம். சரி, தூங்கப் போகிறேன். நாளை ஞாயிறு, அதற்காகத்தான் சனிக்கிழமை வந்து இறங்கும்படி டிக்கெட் போட்டேன்.

இரண்டாம் நாள், ஞாயிறு, பொகோட்டா

காலை ஏழு மணிக்கெல்லாம் ஏழாம் எண் சாலைக்குப் போய்விட்டேன். இந்த ஊரில் மலைக்கு இணையாக ஓடும் சாலைகளுக்கெல்லாம் எண்தான், அதில் ஏழாவது, செப்திமா, ஊரின் முதுகெலும்பு. நேற்று மாலை இதே சாலையில் கார்களும் பஸ்களும் அடைத்துக்கொண்டு நின்றன. இன்று காலை வாகனம் ஓடும் சத்தமே இல்லை. சைக்கிள் செயின் சத்தம், நாயின் நகம் தாரில் படும் சத்தம், எங்கோ ஒரு குழந்தை கத்துவது, அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் சிக்லோவியா. ஒவ்வொரு ஞாயிறும், அரசு விடுமுறை நாளிலும், காலை 7 முதல் மதியம் 2 வரை ஊரின் முக்கியச் சாலைகளில் 120 கிலோமீட்டருக்கும் மேல் மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் தெருவில் இறங்குகிறார்கள். நம்மூரில் சில ஞாயிறுகளில் ஒரு தெருவை இரண்டு மூன்று மணி நேரம் மூடி ஹேப்பி ஸ்ட்ரீட் என்று பாட்டுப் போட்டு ஆடுவார்களே, அதை ஊர் முழுக்க, வாராவாரம், வருஷக்கணக்கில் நடத்தினால் எப்படி இருக்கும்? 1974 டிசம்பர் 15 அன்று இது தொடங்கியது. ஹைமே ஓர்த்திஸ் மரிஞோ என்ற கட்டடக்கலைஞரும் அவருடைய நண்பர்களும், கார் இப்படிப் பெருகினால் ஊர் தாங்காது என்று நகராட்சியில் அனுமதி வாங்கி, இரண்டு சாலைகளைச் சில மணி நேரம் மூடச் செய்து, சைக்கிளோடு வாருங்கள் என்று ஜனங்களைக் கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஏழை நாட்டு ஊர் ஒன்று செய்தது இது. நம்மூர் ஹேப்பி ஸ்ட்ரீட் உட்பட பல ஊர்களின் திறந்த தெருக்களுக்கு முன்னோடி இதுதான்.

வீட்டு அம்மா தன் மகனுடைய சைக்கிளைக் கொடுத்திருந்தார். நான் ஓட்டி பல வருஷம், அதோடு இந்த உயரத்தில் மூச்சு வேறு. மெதுவாகப் போனேன். பக்கத்தில் என்னைவிட மெதுவாக ஒரு தாத்தா, தொப்பியும் டையும் கட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரில் ரொட்டிப் பை தொங்க. ஒரு அப்பா தன் மகளின் சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினார். மூன்று நாலு முறை கையை விட்டார், அவள் உடனே காலை ஊன்றினாள். ஐந்தாவது முறை விட்டபோது அவளுக்குத் தெரியவில்லை. இருபதடி தனியாகப் போனபிறகு திரும்பிப் பார்த்துவிட்டு வீலென்று கத்தினாள், பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஊரின் முதல் சாலையின் நட்டநடுவில் ஒரு ஆறு வயதுக் குழந்தை சைக்கிள் பழகுகிறாள். இதைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது. எங்கள் தெருவில் நான் பழகிய மாதிரி இன்று எந்தக் குழந்தையும் பழக முடியாது, பைக்கும் காரும் விடாது.

வழியில் செயின் கழன்றது. ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்த பழுதுபார்ப்பவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கட்டை விரலால் செயினை அடிப்பல்லில் கோத்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார், டக்கென்று உட்கார்ந்துகொண்டது. விரலில் கறுப்பு மசகோடு சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். இந்த மாதிரி பழுதுக் குடை, பழச்சாறு வண்டி, அரேப்பா என்ற சோள ரொட்டி சுடுபவர் என்று ஞாயிற்றுக்கிழமையை நம்பி ஒரு பெரிய கூட்டம் பிழைக்கிறது. பூங்காக்களில் மேடை போட்டு இலவசமாக உடற்பயிற்சி ஆட்டம் நடக்கிறது, பாட்டிகள் முன்வரிசையில்.

இரண்டு மணி ஆனதும் காவலுக்கு நின்ற இளைஞர்கள் ஒவ்வொரு கூம்பாக எடுத்து அடுக்கினார்கள். இரண்டே நிமிடத்தில் கார்கள் வந்துவிட்டன. சைக்கிளை நடைபாதையில் ஏற்றி நின்று பார்த்தேன். காலையில் அந்தக் குழந்தை கத்திக்கொண்டு போன இடத்தில் ஆளுக்கொரு காரில் ஒருவர், ஒருவர், ஒருவர். ரோட்டின் அகலம் காலையில் எவ்வளவோ அவ்வளவேதான்.

மூன்றாம் நாள், திங்கள், பொகோட்டா

இன்று முழுக்க பஸ். எழுத நிறைய இருக்கிறது.

2000 டிசம்பருக்கு முன்னால் இங்கே பஸ் எப்படி ஓடியது என்று முதலில் சொல்லவேண்டும். ஆயிரக்கணக்கான தனியார் பஸ்கள், ஏறுகிற ஆளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி டிரைவருக்குக் காசு. அதனால் ஒரு ஆளை ஏற்ற இரண்டு பஸ் போட்டி போட்டு ஓடும், நடுரோட்டில் நிற்கும், முந்தும், மோதும். காசுச் சண்டை என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நம் பக்கம் கலெக்‌ஷன் பேட்டாவுக்காகத் தனியார் பஸ்கள் விரட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அன்று மேயராக இருந்தவர் என்ரிக்கே பெனலோசா. அவர் பல மேடைகளில் சொல்லி வந்த கணக்கு ரொம்ப எளிது: 80 பேர் வரும் பஸ்ஸுக்கு, ஒருவர் வரும் காரைவிட 80 மடங்கு ரோட்டில் உரிமை உண்டு. பிரேசிலின் குரிதிபாவில் ஜைமே லெர்னர் 1974லேயே பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டிருந்தார். அதைப் பார்த்து, இன்னும் பெரிதாக, டிரான்ஸ்மிலேனியோ என்ற பஸ் அமைப்பைக் கட்டினார்கள்.

எப்படி வேலை செய்கிறது? பெரிய சாலையின் நடுப்பகுதியைக் கார்களிடமிருந்து எடுத்து பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் ரயில் நிலையம் போல் நீளமான ஸ்டேஷன், தரை பஸ்ஸின் தரை உயரத்திலேயே. வாசலில் கார்டைத் தேய்த்து உள்ளே வந்துவிட வேண்டும். சென்னையில் முன்பு ஓடிய வெஸ்டிபியூல் பஸ் மாதிரி நடுவில் மடிப்போடு சிவப்பு பஸ் வருகிறது, 18 மீட்டர் நீளம், 160 பேர். இரண்டு மடிப்பு வைத்த 27 மீட்டர் பஸ்ஸில் கிட்டத்தட்ட 250 பேர். ஸ்டேஷன் கதவும் பஸ் கதவும் நேருக்கு நேர் வந்து நிற்க, எல்லாக் கதவும் ஒன்றாகத் திறக்கின்றன. படியே கிடையாது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு அக்கா யார் உதவியும் இல்லாமல் உருட்டிக்கொண்டே ஏறினார். ஸ்டேஷன்களில் இரண்டு தடம் விட்டிருப்பதால் எக்ஸ்பிரஸ் வண்டி, நிற்கும் வண்டியைத் தாண்டிப் போய்விடுகிறது. இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பாதிதான். நெரிசல் நேரத்தில் அவெனிதா கராகஸ் சாலையில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 40,000 பேருக்கு மேல் போகிறார்கள். பல மெட்ரோ ரயில்களே இவ்வளவு பேரை ஏற்றுவதில்லை.

இங்கே ராத்திரி ஒன்பது, மதுரையில் காலை ஏழரை. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏம்மா, டிக்கெட் யாரு குடுக்குறா?"

"டிக்கெட்டே இல்லப்பா. வாசல்லயே கார்டு தேச்சுட்டு வந்துர்றாங்க."

"அப்ப ஸ்டாப்புல எம்புட்டு நேரம் நிக்கும்?"

"நான் பாத்த வரைக்கும் இருபது, இருபத்தஞ்சு செகண்டுப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நாங்க ஸ்டேஜ் முடியிறதுக்குள்ள டிக்கெட் போட்டு முடிக்கணும்னு வண்டிய ஓரங்கட்டி நிறுத்துவோம். நாலு நிமிசம், அஞ்சு நிமிசம். உள்ள இருக்குறவுக எல்லாம் வேலைக்குப் போறவுக. என்னைய வைவாக. நான் என்ன செய்ய, எல்லாருக்கும் டிக்கெட் போட்டாத்தான வண்டி நகரும். அதுக்கு இப்படி ஒரு வழி இருந்திருக்கு பாரு."

அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று இப்போதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். 31 வருஷம் அவர் பட்ட வசவெல்லாம் ஆளால் வந்ததில்லை, அமைப்பால் வந்தது. கண்டக்டர் வேலையே இல்லாமல் போகுமே என்று நான்தான் கேட்டேன். "ஸ்டேஷன் வாசல்ல ஆள் வேணும்ல, வழி சொல்ல ஆள் வேணும்ல" என்றார் உடனே. இங்கேயும் அந்தக் கேள்வி வந்தது. பழைய பஸ்களின் சிறு முதலாளிகளைப் புது நிறுவனங்களில் பங்குதாரர்களாகச் சேர்க்கப் பார்த்தார்கள், புது நீள பஸ் ஒன்று வர பழைய வண்டிகளை உடைத்துப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள், நிறுவனங்களுக்கு ஆள் கணக்கில் இல்லாமல் ஓடிய கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுத்தார்கள். காசுச் சண்டை இந்தச் சாலைகளில் ஒழிந்தது அப்படித்தான். எல்லாப் பழைய டிரைவருக்கும் நல்ல வாழ்வு கிடைத்தது என்று சொல்ல முடியாது.

குறையும் சொல்லவேண்டும். ஊர் வளர்ந்த வேகத்துக்கு இந்தப் பாதைகள் வளரவில்லை. கூட்டம் தாங்காமல் 2012 மார்ச்சில் பெரிய போராட்டமே நடந்து ஸ்டேஷன்களை உடைத்தார்கள். டீசல் வண்டிகளை மாற்றவும் ரொம்ப வருஷம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது தனிப்பாதை இல்லாத மற்ற ரூட்டுகளில் 1,400க்கும் மேல் மின்சார பஸ் ஓடுகிறது. லா ரோலீத்தா என்று நகராட்சியே 2022இல் தொடங்கிய பஸ் நிறுவனம் முழுக்க மின்சார வண்டிகள்தான், ஓட்டுநர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஒரு ஸ்டாப்பில் நின்றபோது அப்படி ஒரு வண்டி சத்தமே இல்லாமல் வந்து நின்றது, ஸ்டியரிங்கில் என் வயதுப் பெண். நான் கையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார்.

கராகஸ் சாலையில் மெட்ரோ வேலையும் நடக்கிறது. தூண்மேல் 24 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன், 2028இல் ஓடவேண்டும் என்பது திட்டம். மெட்ரோ வந்துவிட்டால் பஸ் வேண்டாம் என்று எந்த ஊரும் நினைக்கக் கூடாது. மெட்ரோ இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டுக்குப் போக எல்லோருக்கும் பஸ்தான் வேண்டும். சென்னையில் தினம் பார்க்கிறேனே.

நான்காம் நாள், செவ்வாய், பொகோட்டா

ஊரின் தென்கோடியில் சியுதாத் பொலிவார். மலைச்சரிவு முழுக்க செங்கல் வீடுகள், போரினால் ஊரை விட்டு ஓடிவந்தவர்களும் பிழைப்புக்கு வந்தவர்களும் தாங்களே கட்டிக்கொண்டவை. அங்கே தனிப்பாதை போட இடமில்லை, சாலையே பாம்பு மாதிரி. அதனால் ரோப் கார் போட்டார்கள். பெயர் டிரான்ஸ்மிகேபிள், 2018 டிசம்பர் 27 அன்று திறந்தது, 3.34 கிலோமீட்டர், நாலு ஸ்டேஷன். நமக்கு ரோப் கார் என்றால் பழனி, முருகனைப் பார்க்கப் போவது. இங்கே அது வேலைக்குப் போக. காலை நாலரைக்கே ஓடத் தொடங்குகிறது. அந்த நேரத்தைப் பார்த்தாலே யாருக்காகப் போட்டது என்று தெரிந்துவிடும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வடக்கே போகிறவர்கள்தான் நாலரைக்குக் கிளம்புவார்கள்.

துனால் பஸ் முனையத்தில் இறங்கி, அங்கேயே ஏறினேன். சிவப்புப் பெட்டி, பத்துப் பேர் உட்காரலாம். எதிரில் ஒரு பாட்டி, காலுக்கிடையில் உருளைக்கிழங்கு மூட்டை. மூட்டையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி, அந்தக் கயிற்றின் நுனியைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். பெட்டி ஆடும்போதெல்லாம் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கீழே வீட்டுக் கூரைகளில் பெரிய பெரிய ஓவியங்கள், மொட்டை மாடியில் துணி, நாய், தண்ணீர்த் தொட்டி. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் முன்பு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸைக் கையால் வரைந்து காட்டினார், வளைந்து வளைந்து ஏறுவது போல, அப்புறம் ஒரு விரலைக் காட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் என்றார். ஒரு மணி நேரத்துக்கும் மேல். இப்போது கீழிருந்து உச்சிவரை 13 நிமிடம்.

போகவும் வரவும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கையில் திரும்பி வருகிறது. அதை வைத்து என்ன செய்வார்கள்? மூன்றாவது ஸ்டேஷன் மனீத்தாஸில் இறங்கிப் பார்த்தேன். அங்கே பராமரிப்பு வளாகம் ஒன்று இருக்கிறது, கிளவுதியா லோப்பஸ் மேயராக இருந்தபோது 2020இல் ஊரிலேயே முதலில் திறந்தது. பிள்ளையையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக: துணி துவைத்துக் கொடுக்கிறார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள், அந்த நேரத்தில் அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடிக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம், சும்மாவும் உட்காரலாம். ரோப் கார் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இதை வைத்தவர்களை எனக்குக் கும்பிடத் தோன்றியது. பெண்களின் பயணம் ஆபீஸ் போய் வருவது மட்டும் இல்லை. பள்ளி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, மாமியார் மாத்திரை என்று நாலு இடம் நின்று நின்று போவது. தமிழ்நாட்டில் 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது எங்கள் அத்தை முதல்முறையாக வாரம் மூன்று நாள் பூ வியாபாரத்துக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகத் தொடங்கினார். அந்தக் காசு மிச்சம் அவருக்கு என்ன செய்ததோ, அதைத்தான் இங்கே இந்த நேர மிச்சம் செய்கிறது.

உச்சி ஸ்டேஷனுக்குப் பெயர் மிராதோர் தெல் பரைசோ, சொர்க்கத்துப் பார்வை மேடை என்று சொல்லலாம். அங்கிருந்து மொத்தப் பொகோட்டாவும் தெரிகிறது. மழை வந்தது, மின்னல் இருந்தால் கேபிளை நிறுத்திவைப்பார்கள் என்று ஒரு பையன் சொன்னான். நல்லவேளை, வெறும் தூறல்.

ஐந்தாம் நாள், புதன், வழியில்

அடுத்த ஊரான மெதெயினுக்கு விமானத்தில் போகாமல் பஸ்ஸிலேயே போனேன். 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலை இறங்கி, மக்தலேனா ஆற்றைக் கடந்து, மறுபடி மலை ஏறி. ஆற்றங்கரையில் மதுரை வெயில், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன். வயிறு சரியில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஆறாம் நாள், வியாழன், மெதெயின்

1991இல் இந்த ஊரில் ஆறாயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்த நினைப்போடுதான் வந்தேன். வந்து பார்த்தால் 1,500 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கில் நீளமாகப் படுத்திருக்கும் பச்சை ஊர், நடுவில் ஆறு, ஆற்றோடு மெட்ரோ. 1995 நவம்பர் 30 அன்று தொடங்கியது இந்த மெட்ரோ, இன்றுவரை நாட்டிலேயே ஒரே மெட்ரோ. சுவரில் ஒரு கிறுக்கல் இல்லை, சீட்டில் ஒரு கீறல் இல்லை. ஊர் அந்தப் பாடு பட்டுக்கொண்டிருந்த நாட்களில், ரயில் ஓடும் முன்பே, இது உங்கள் சொத்து என்று தெருத்தெருவாகப் போய்ப் பேசினார்களாம். மெட்ரோ பண்பாடு என்று அதற்குப் பெயரே உண்டு.

அசெவேதோ ஸ்டேஷனில் இறங்கி, வெளியே போகாமல் அப்படியே மாடி ஏறி, கே வழித்தட ரோப் காரில் உட்கார்ந்தேன். 2004இல் தொடங்கியது. சுற்றுலாவுக்கு இல்லாமல் ஒரு ஊரின் தினசரிப் போக்குவரத்தோடு சேர்த்துப் போட்ட ரோப் கார்களில் உலகத்திலேயே முன்னோடி இது. பொகோட்டாவுக்கு அண்ணன். பழனியில் ரோப் கார் வந்ததும் கிட்டத்தட்ட அந்தச் சமயம்தான். அதே கம்பி, அதே பெட்டி, அங்கே மலை ஏறியது சாமியைப் பார்க்க, இங்கே வீட்டுக்கு. உச்சியில் சாந்தோ தொமிங்கோ. அந்தக் காலத்தில் கீழே இருப்பவர்கள் ஏறிப் போகவே பயந்த பகுதி. செர்ஹியோ ஃபஹார்தோ மேயராக இருந்த 2004 முதல் 2007 வரையிலான காலத்தில் ரோப் கார் தூண் நின்ற இடங்களைச் சுற்றிப் பள்ளி, பூங்கா, நூலகம், நடைபாதை என்று சேர்த்துக் கட்டினார்கள். ஊரின் அழகான கட்டடம் ஏழைப் பகுதியில்தான் நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. வன்முறை குறைந்ததற்குக் காரணம் இது ஒன்று மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு ஆயிரம் காரணம். ஆனால் ஊர் தங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்த நாள் அது.

மதியம் கொமுனா 13 என்ற மலைப்பகுதி. மலைச்சரிவில் வெட்டவெளியில் எஸ்கலேட்டர், 384 மீட்டர், 2011 டிசம்பரில் வைத்தது, காசு கிடையாது. இப்போது சுற்றுலாக் கூட்டம் அள்ளுகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து எஸ்கலேட்டரில் நின்றுகொண்டிருந்தார். படியில் சுமந்து ஏறியிருந்தால் அவர் முழங்கால் என்ன ஆகும்? நூற்றுக்கணக்கான படி. எல்லோரும் சுவர் ஓவியத்தைப் படம் எடுத்தார்கள், நான் அந்தச் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழாம் நாள், வெள்ளி, மெதெயின்

காலையில் அயகுச்சோ தெருவில் டிராம். கீழே ரப்பர் சக்கரம், நடுவில் ஒற்றைத் தண்டவாளம் வழிகாட்ட, செங்குத்தான தெருவில் சத்தமில்லாமல் ஏறுகிறது. முன்பு பஸ்ஸும் காரும் நெரித்த தெரு, இப்போது டிராமும் நடப்பவர்களும்தான், ஓரமெல்லாம் காப்பிக்கடை. முடியும் இடத்தில் மறுபடி ரோப் கார். ஒரே கார்டு எல்லாவற்றுக்கும்.

அப்புறம் ஓரியென்டல் சாலைக்கு நடந்தேன். 2016 முதல் 30 பசுமை வழித்தடம் போட்டார்கள், சாலை நடுவிலும் ஓடைக் கரையிலும். வரிசையாக ஒரே மரத்தை நட்டு நிறுத்தவில்லை. மரத்துக்குக் கீழே செடி, செடிக்குக் கீழே கொடி என்று காடு மாதிரி அடுக்கு. வசதி குறைந்த பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தோட்ட வேலையில் வைத்தார்கள். அந்த இடங்களில் சூடு 2 டிகிரி அளவுக்குக் குறைந்ததாகக் கணக்கு. ஒருவர் மண்டியிட்டு வேருக்குப் பக்கத்து மண்ணை விரலால் தளர்த்திக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு கை தூரத்தில் லாரி போனது. போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது நிழலை மறந்துவிடுகிறோம். பஸ் ஸ்டாப் வரை வெயிலில் நடக்க முடியாதவர்தான் கடன் வாங்கி பைக் வாங்குகிறார். இங்கேயும் பைக் பெருகிக்கொண்டேதான் இருக்கிறது, பள்ளத்தாக்கில் புகை தேங்கி 2016இல் காற்று மோசமாகி அபாய அறிவிப்பு வரை போனது. நல்லது செய்த ஊரும் தினம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

சாயங்காலம் மறுபடி சாந்தோ தொமிங்கோவுக்குப் போனேன். நாளை மதியம் விமானம். ஸ்டேஷன் வாசலில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வேலை முடிந்து வருகிறவர்களைப் பார்த்தேன். பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக விளக்கோடு வந்துகொண்டே இருந்தன. சீருடையில் ஒரு செக்யூரிட்டி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு அம்மா, ஹெல்மெட்டோடு நாலு கட்டட வேலைக்காரர்கள், இரண்டு கல்லூரிப் பெண்கள், மீன் வாசனையோடு ஒருவர். யாரும் வேகமாக நடக்கவில்லை, கடையில் நின்று பேசினார்கள், ஒருவர் குழந்தைக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். வீடு பக்கத்தில் வந்துவிட்டவர்களின் நடை அது, பார்த்தால் தெரியும்.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அங்கே விடிகாலை, ஆனால் அவர் இன்னமும் முதல் டிரிப்புக்கு எழுந்திருக்கும் நேரத்துக்கே எழுந்துவிடுகிறார். உடனே குரல் செய்தி வந்தது: "ஒரு பொட்டிக்கு எத்தனை பேரும்மா இறங்குறாக? அதுல நின்னுக்கிட்டு வந்தது எத்தனை? எண்ணிச் சொல்லு."

நான் எண்ணவில்லை. காலையில் ஏர்போர்ட் போவதற்கு முன்னால் ஒரு நோட்டோடு இன்னொரு முறை வந்து எண்ணிக்கொண்டு போகிறேன்.